சிறுவாடும் செம்மண்ணும்

டில்லிக்கு நான் புறப்பட்ட நாளில் என் அப்பத்தா என்னைத் தனியே அடுக்களைக்கு அழைத்தாள். சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "பொட்டிக்கு அடியில தனியா வச்சுக்க. செலவுக்கு எடுக்காத. இருக்குன்னு யாருகிட்டயும் சொல்லாத" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கிழவிகள் காசை ஒளித்து வைப்பது உலக வழக்கம் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். அந்தத் தாள் இரண்டு ஆண்டுகளாக என் பெட்டியின் அடியில், பழைய செய்தித்தாளுக்குக் கீழே கிடக்கிறது. அது ஏன் அங்கே கிடக்கிறது என்பதைச் சென்ற தை மாதத்தில்தான் அறிந்தேன். அறிந்த விதத்தைச் சொல்லுமுன் வேறு சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். வாசகர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மலர்க் குழுவினருக்குப் பயறு வண்டைப் பற்றி ஒரு கட்டுரை தருவதாகத்தான் நான் வாக்களித்திருந்தேன். வண்டு இதிலும் வருகிறது. ஆனால் எழுத உட்கார்ந்தபோது வண்டைவிடப் பெரிய கேள்வி ஒன்று குறுக்கே வந்து நின்றது. பெண்கள் தம் வாழ்க்கையில் பட்டுத் தெரிந்துகொண்டதை மகளுக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும் எப்படிக் கொடுக்கிறார்கள்? அந்தக் கொடுக்கல் வாங்கலில் எது நம் கைக்கு வந்து சேருகிறது, எது வழியிலே தவறிவிடுகிறது? பூச்சியியல் படிக்கிறவளுக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று கேட்கலாம். இதற்கும் பூச்சிக்கும் உள்ள உறவு போகப் போகத் தெரியும்.

நான் குடியிருப்பது புசா ரோட்டின் பின்புறத்துச் சந்து ஒன்றில், மூன்றாம் மாடியில். சாலையின் நடுவே தூண்கள்மீது மெட்ரோ ரயில் ஓடுகிறது. நம்மவர் நடத்தும் டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இந்தச் சாலையில் இருக்கிறது. சாலையின் பெயரே குடிபெயர்ந்து வந்த பெயர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1905-இல் பீகாரில் உள்ள புசா என்னும் ஊரில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. 1934 ஜனவரியில் ஏற்பட்ட பூகம்பத்தில் அதன் கட்டடம் பாழாயிற்று. 1936-இல் நிலையம் டில்லிக்கு வந்தது. வரும்போது ஊர்ப் பெயரையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தது. பிறகு 1947-இல் மேற்குப் பஞ்சாபை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் கரோல் பாகில் குடியேறின. சர்க்கார் உத்தியோகத்தை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்களும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் தங்கின. ஆகவே இங்கே யாரும் யாரையும் "வெளியூர்க்காரி" என்று சொல்ல முடியாது.

என் வீட்டுக்கார அம்மாள் கும்பகோணத்துக்காரர். 1968-இல் மணமாகி இங்கு வந்தவர். அவரை நான் பாட்டி என்றே அழைக்கிறேன். மார்கழி, தை மாதங்களில் பகல் பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடியில் வெயில் விழும். அப்போது நான்கைந்து வீட்டுப் பெண்கள் அங்கே கூடுவார்கள். ஆரஞ்சுப் பழம், வேர்க்கடலை, பின்னல் ஊசி, கம்பளி நூல் எல்லாம் வந்து சேரும். பாட்டிக்கு ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள். அந்த அம்மாளுக்கு எலுமிச்சங்காய் ஊறுகாய் போடக் கற்றுக்கொடுத்தவர் பாட்டி. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் பண்டமாற்று இது.

அந்த மாடியில் நடக்கும் பேச்சைக் கவனித்தால் ஒன்று புலப்படும். மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கொடுப்பதெல்லாம் கட்டளைகள். இதைச் செய், அதைச் செய்யாதே, இந்த மாதத்தில் வேண்டாம், அந்தப் பாத்திரத்தில் வைக்காதே. காரணம் கேட்டால், "எங்கம்மா அப்படித்தான் சொன்னா" என்பதே விடை. அவருடைய அம்மாவுக்கு யார் சொன்னார்கள், என்ன நேர்ந்த பிறகு சொன்னார்கள் என்பது காணாமல் போயிருக்கும்.

கட்டளை மட்டும் வந்து காரணம் வராமற்போனால் என்ன ஆகும் என்பதற்குச் சிறிய சான்று இட்லி மாவு. இரவு கரைத்து வைத்தால் காலையில் பொங்கிவிடும் என்பது கும்பகோணத்து விதி. டில்லியில் தான் கழித்த முதல் ஜனவரியில் பாட்டி அந்த விதியின்படி மாவைக் கரைத்து வைத்தார். காலையில் மாவு வைத்தபடியே இருந்தது. அரிசியை மாற்றினார், உளுந்தை மாற்றினார், கிரைண்டரைக் குறை சொன்னார். மாவைப் பொங்கவைப்பவை லூகோனாஸ்டாக் முதலிய நுண்ணுயிர்கள். அவற்றுக்கு ஏறக்குறைய முப்பது டிகிரி வெப்பம் வேண்டும். விதியைச் சொன்ன தாய்க்கு இது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கும்பகோணத்தில் வெப்பம் கேட்காமலே கிடைக்கிறது. பாட்டி இரண்டு ஆண்டுத் தோல்விக்குப் பின் மாவுப் பாத்திரத்தை ரஜாயில் சுற்றி வைக்கக் கண்டுபிடித்தார். அன்றிரவு மாவு சுகமாகத் தூங்கிற்று, மாப்பிள்ளை குளிரில் நடுங்கினார் என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

இனி எங்கள் புசாவுக்கு வருவோம். ஆராய்ச்சி வளாகத்தில் தேசியத் தாவர மரபுவளப் பணியகம் என்று ஒன்று உண்டு. நாடெங்கும் திரட்டிய நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட விதை மாதிரிகளை அங்கே, பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரிக் குளிரில் காத்துவருகிறார்கள். ஒரு விதையைத் திரட்டும்போது அதோடு ஒரு தாளும் எழுதப்பட வேண்டும். எந்த ஊர், எந்த மண், எந்த நாள், யாரிடம் வாங்கியது, உள்ளூரில் அதற்கு என்ன பெயர், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று அதில் இருக்கும். இதைப் பாஸ்போர்ட் விவரம் என்கிறார்கள். பாஸ்போர்ட் இல்லாத விதையும் முளைக்கத்தான் செய்யும். ஆனால் அது வறட்சியைத் தாங்குமா, உவர் மண்ணைத் தாங்குமா, எங்கே விதைத்துப் பார்க்கலாம் என்பதற்கு வழிகாட்ட எதுவும் இராது. குருட்டாம்போக்கில் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். அந்த அறைக்கு முதன்முறை போய்வந்த அன்றுதான், நம் பாட்டிமார் சொற்கள் நமக்குப் பாஸ்போர்ட் இல்லாமல் வந்து சேர்ந்த விதைகள் என்று எனக்குத் தோன்றிற்று.

ஒரு விதைக்குப் பாஸ்போர்ட்டைத் தேடிப் பிடிக்க நானே முயன்றேன். அதுதான் செம்மண் கதை.

எங்கள் ஊர் அறந்தாங்கிப் பக்கம். அங்கே துவரையைச் சேமிப்பதற்கு முன் செம்மண்ணைக் குழைத்து அதோடு பிசறி, வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குதிரில் கொட்டுவார்கள். மண் கட்டுதல் என்று பெயர். அப்பத்தாவின் கட்டளைகள் மூன்று: மண் சலித்த மண்ணாக இருக்க வேண்டும்; பல்லால் கடித்தால் துவரை "டக்" என்று உடையும்வரை காய வேண்டும்; ஐப்பசி, கார்த்திகையில் மண் கட்டக் கூடாது. மூன்றாவது கட்டளை ஏதோ நல்ல நாள், கெட்ட நாள் பார்க்கும் வழக்கம் என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

பயறு வண்டின் வாழ்க்கை இது. தாய் வண்டு பயற்றின்மேல் முட்டையை ஒட்டிவிடும். முட்டையிலிருந்து வரும் புழு நேரே உள்ளே துளைத்துக்கொண்டு போய், பருப்பைத் தின்று அங்கேயே கூட்டுப்புழுவாகி, வட்டமாக ஒரு சன்னலை அறுத்துக்கொண்டு வண்டாக வெளியே வரும். நம் ஊர் வெப்பத்தில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஒரு தாய் பல பத்து முட்டைகள் இடும். மாசியில் சில வண்டுகள் குதிருக்குள் புகுந்தால் ஆடியில் அங்கே மாவுதான் மிஞ்சும்.

பூச்சிக்கு எலும்பு இல்லை. உடலைச் சுற்றித் தோலே கவசம். அந்தத் தோலின்மேல் மிக மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. உடலில் உள்ள ஈரம் ஆவியாகிப் போகாமல் காப்பது அதுதான். விகிள்ஸ்வர்த் என்னும் ஆங்கிலேயப் பூச்சியியல் அறிஞர் 1940-களில் ஓர் உண்மையைக் காட்டினார்: நஞ்சே இல்லாத நுண்ணிய தூள்கூட இந்த மெழுகைச் சுரண்டிவிடும், மெழுகு போன பூச்சி ஈரத்தை இழந்து உலர்ந்து சாகும். காற்று உலர்ந்திருந்தால்தான் இது நடக்கும். ஈரக் காற்றில் பூச்சி அவ்வளவு எளிதாக உலர்வதில்லை. இதைப் படித்த அன்று நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மண்ணைச் சலிப்பது தூள் நுண்மையாக இருக்க. கடித்துப் பார்ப்பது ஈரத்தை அளக்க. ஐப்பசி, கார்த்திகை எங்கள் பக்கத்தில் அடைமழைக் காலம். மூன்று கட்டளைகளும் ஒரே காரணத்தின் மூன்று விரல்கள்! அப்பத்தாவிடம் ஈரமானி இல்லை, பல் இருந்தது.

ஆனால் இதைக் கொண்டு, "பார், நம் முன்னோர் அன்றே விஞ்ஞானத்தை அறிந்திருந்தனர்" என்று மார்தட்டும் நண்பர்களோடு நான் சேரமாட்டேன். மெழுகை அறிந்தவர் விகிள்ஸ்வர்த். அப்பத்தாவும் அவளுக்கு முன்னிருந்தவர்களும் அறிந்தது வேறு: எந்த ஆண்டு துவரை கெட்டது, அந்த ஆண்டு என்ன தவறு செய்தோம் என்பது. அதுவும் அறிவுதான், ஆனால் வேறு வகையைச் சேர்ந்தது.

இவ்விரு வகை அறிவும் சந்தித்த ஒரு நிகழ்ச்சி இதே புசாவில் நடந்திருக்கிறது. வேப்பிலையைத் தானியத்தோடும் துணியோடும் போட்டு வைப்பது இந்நாட்டு வீடுகளில் பழைய வழக்கம். 1962-இல் டில்லிப் பக்கம் வெட்டுக்கிளிப் படை வந்தபோது, இங்கே பிரதான் என்னும் விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் வேப்பங்கொட்டைப் பருப்பை அரைத்து நீரில் கரைத்துப் பயிர்மேல் தெளித்தார்கள். வெட்டுக்கிளிகள் வந்து உட்கார்ந்தன. தெளித்த பயிரைத் தின்னவில்லை. அந்தக் கசப்புச் சரக்கிலிருந்து அஸாடிராக்டின் என்னும் பொருளை 1968-இல் இங்கிலாந்தில் பிரித்தெடுத்தார்கள். அதன் மூலக்கூற்று வடிவம் முற்றும் தெளிவாக 1980-களின் நடுப்பகுதி ஆயிற்று.

வழக்கம் எழுத்தில் ஏறாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு வேப்பிலையைவிட மஞ்சள் நல்ல உதாரணம். புண்ணை ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்துவதற்கு 1995-இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. நம் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் குழு அதை எதிர்த்து வாதாடி 1997-இல் ரத்துச் செய்வித்தது. செய்தி பலருக்கும் தெரிந்ததே. தெரியாத பகுதி இது: அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வேறொரு நாட்டில் ஒரு பொருள் வழக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும் சான்றாகாது; அச்சில் வெளிவந்திருக்க வேண்டும். அடுக்களையில் விரல் அறுபட்டதும் மஞ்சளை அப்பிய கோடிக்கணக்கான தாய்மார்கள் நேரில் போய் நின்றாலும் அந்தச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் சாட்சிகள் அல்லர். பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் தேடி எடுத்துக் காட்டியே வழக்கு வென்றது. அந்தச் சட்டம் 2011-இல் திருத்தப்பட்டு 2013 முதல் மாறியது என்பது வேறு செய்தி.

இதற்குப் பிறகுதான் 2001-இல் பாரம்பரிய அறிவு மின்நூலகம் என்னும் பெருமுயற்சி தொடங்கிற்று. ஆயுர்வேதம், யுனானி, சித்த மருத்துவ நூல்களில் உள்ளவற்றை அயல்நாட்டுக் காப்புரிமை அதிகாரிகள் படிக்கும் வகையில் தொகுத்துத் தருவது அதன் வேலை. நம் தமிழ்ச் சித்த நூல்களும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. மகிழ்ச்சிக்குரிய செயல். ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நூல்களில் ஏறியதுதானே அந்த நூலகத்தில் ஏறும்? நூல்களை எழுதியவர்களில் பெண்கள் எத்தனை பேர்? என் அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும்.

பெண்கள் சொன்னதெல்லாம் பொன் என்று நான் சொல்லவரவில்லை. தவறான விதையும் இதே வழியில்தான் வந்திருக்கிறது. சீம்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். பசு கன்று ஈன்றால் அந்தச் சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துக் கிண்டி நாம் ஆசையோடு உண்கிறோம். பிள்ளை பெற்றவளுக்கு முதலில் சுரக்கும் பாலையோ, கெட்ட பால் என்று பீய்ச்சிக் கீழே விடும் வழக்கம் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இருந்தது. குழந்தைக்குச் சீனித் தண்ணீரோ தேனோ தொட்டுவைத்துச் சேனை வைத்தார்கள். நோயைத் தடுக்கும் பொருள்களும் வைட்டமின் ஏ-யும் நிறைந்த முதல் உணவு மண்ணில் போயிற்று. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தர வேண்டும், ஆறு மாதம் அது ஒன்றே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் இன்று வற்புறுத்துகிறது. சீம்பாலைக் கொட்டச் சொன்னவள் பகைவி அல்லள். பேரக் குழந்தைக்காக உயிரையே கொடுத்திருப்பாள். அவள் கைக்கும் அது கட்டளையாகத்தான் வந்தது. எந்தக் குழந்தைக்கு என்ன நேர்ந்ததைப் பார்த்து அந்தக் கட்டளை பிறந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அதனால் அதைச் சோதிக்கவும் அவளுக்கு வழி இல்லை. செம்மண்ணும் சீம்பாலும் ஒரே வாயிலிருந்து, ஒரே அன்போடு, ஒரே குரலில் வந்தவை. குரலைக் கொண்டு எது சரி என்று பிரிக்க முடியாது. நிகழ்ச்சியைக் கேட்டால்தான் பிரிக்கலாம்.

மூத்த பெண்ணின் நினைவு ஓர் இனத்துக்கே பயன்படுவது உண்டா என்று உயிரியலாரும் ஆராய்ந்திருக்கிறார்கள். பிள்ளைப்பேறு நின்ற பின்பும் பெண் ஏன் இத்தனை ஆண்டு வாழ்கிறாள் என்பது பரிணாமக் கொள்கையில் ஒரு புதிர். ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டு ஹட்ஸா மக்களிடையே பாட்டிகள் ஓயாது கிழங்கு தோண்டிப் பேரக் குழந்தைகளை வளர்ப்பதைக் கண்ட கிறிஸ்டன் ஹாக்ஸ் என்னும் பெண் விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும், பாட்டியின் உழைப்பே அந்த நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்று 1998-இல் வாதிட்டனர். எனக்கு அதைவிட யானைச் செய்தி பிடித்திருக்கிறது. யானைக் கூட்டத்துக்குத் தலைவி முதிய பெண் யானை. 1993-இல் அதே தான்சானியாவின் தரங்கிரே காட்டில் கடும் வறட்சி. சில கூட்டங்கள் காட்டை விட்டு வெளியேறின. சில அங்கேயே தங்கின. தங்கிய கூட்டங்களில் கன்றுகள் அதிகமாக இறந்தன. வெளியேறியவற்றுக்குத் தலைமை தாங்கியவை, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், 1958 முதல் 1961 வரை வாட்டிய வறட்சியைக் கண்டிருக்கக்கூடிய வயதுடைய யானைகள். நீர் இருக்கும் திசையை அவை நினைவில் வைத்திருந்தன என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். யானையால் கதை சொல்ல முடியாது. நடந்துதான் காட்ட முடியும். நமக்கோ வாய் இருக்கிறது. இருந்தும் நாம் நடந்து காட்டுவதோடு நின்றுவிடுகிறோம்.

கேட்பதற்கு ஆள் கிடைத்தால் என்ன ஆகும் என்பதையும் நம் நாட்டிலேயே காணலாம். 1886-இல் பிறந்து, பதினொரு வயதில் மணமாகி, விரைவில் கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, 1911-இல் பட்டம் பெற்றுச் சென்னையில் இளம் விதவைகளுக்கு இல்லம் அமைத்தவர். அவருக்குப் பின்னால் நின்றவர் அவருடைய சித்தி வாலாம்பாள், தாமும் விதவை. இல்லத்துப் பெண்களைத் தாயாக இருந்து காத்தவர் அந்தச் சித்தி. பட்டமோ பதவியோ இல்லாத அவரைப் பற்றி இன்று நாம் அறிவது எப்படி? மோனிக்கா பெல்ட்டன் என்னும் ஆங்கிலப் பெண்மணி சென்னையில் தங்கி, முதுமை எய்திய சுப்புலட்சுமியிடம் கேட்டுக் கேட்டு எழுதிய நூல் 1966-இல் வெளிவந்தது. 1969-இல் சுப்புலட்சுமி மறைந்தார். மூன்றே ஆண்டு இடைவெளி!

மற்றொருவர் எஸ். மீனாட்சி அம்மாள். உறவுப் பெண்கள் ஊர்விட்டு ஊர் போய்க் குடித்தனம் வைத்தபோது கடிதம் எழுதிச் சமையல் பக்குவம் கேட்டார்கள். அவரும் எழுதி அனுப்பினார். அதுவே 1951-இல் நூலாயிற்று. பெயர் "சமைத்துப் பார்". டில்லிக்கு வந்த எத்தனையோ புதுமணப் பெண்களின் டிரங்குப் பெட்டியில் அது இருந்தது. எங்கள் பாட்டியின் பிரதி அட்டை போய்ப் புளிக்கறையோடு இன்றும் இருக்கிறது. அளவு சொல்லி, முறை சொல்லி, நீயே செய்து பார் என்று விட்டுவிடும் அந்தப் பெயரைச் சோதனைச்சாலைக் கதவில் எழுதி வைக்கலாம். கைப்பக்குவம் என்று மூடி வைத்ததை அளவாக்கிக் கொடுத்தது சாதாரணச் செயல் அன்று.

ஆனால் சமையலுக்கு அளவு உண்டு. பட்ட பாட்டுக்கு?

சென்ற தை மாதத்தில் மாடியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உதவித்தொகை வந்த செய்தியைச் சொன்னேன். பாட்டி உடனே, "உன் பேர்ல தனிக் கணக்கு இருக்கோன்னோ? வேலைக்குப் போனாலும், கல்யாணம் ஆனாலும் அது தனியா இருக்கட்டும்" என்றார். பெட்டியின் அடியில் கிடந்த தாள் என் நினைவுக்கு வந்தது. இரண்டு கிழவிகள், ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, ஊரும் வழக்கும் வேறு, சொல் ஒன்றே. அன்றுதான் முதன்முதலாக, "ஏன் பாட்டி? என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

பாட்டி ஊசியைக் கீழே வைத்தார். 1974-இல் ஓர் இரவு அவர் கணவருக்கு வயிற்று வலி கண்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள். உடனே பணம் கட்ட வேண்டும். வங்கிக் கணக்கு கணவர் பெயரில் மட்டும். அவரோ நினைவின்றிக் கிடந்தார். கையில் பதினோரு ரூபாய். இந்தி சரியாக வராது. நள்ளிரவில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். பஞ்சாபி அம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய் ரஜாயின் ஓரத்தைக் கத்தரியால் பிரித்து இருநூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தார். ரஜாயில் பணம் தைக்கும் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது? 1947-இல் லாகூரை விட்டு வரும்போது அவருடைய தாயார் வளையல்களை அப்படித்தான் தைத்துக் கொண்டுவந்தாராம். மற்றவையெல்லாம் வழியில் போயின. ரஜாய் மட்டும் வந்து சேர்ந்தது. பஞ்சாபி அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் புரியாமலே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எந்தக் கதை ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் பக்கத்தில் இதற்குச் சிறுவாடு என்று பெயர். பால் விற்ற காசு, முட்டை விற்ற காசு, செலவுக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்தது எல்லாம் அதில் சேரும். 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோது நாடெங்கும் சிறுவாடு வெளிவந்தது. எங்கள் வீட்டிலும் வந்தது. அப்பத்தா அரிசிக் குதிரிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துவந்து அப்பா முன் வைத்தாள். எல்லோரும் சிரித்தோம். "கெழவி பெரிய பணக்காரி" என்று கேலி செய்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது பதினைந்து வயதுகூட ஆகவில்லை. ஏன் சேர்த்தாய் என்று அன்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

மாடியிலிருந்து இறங்கிய அன்று மாலையே ஊருக்குப் போன் செய்தேன். அப்பத்தாவுக்கு வயது எண்பத்தொன்று. காது சற்று மந்தம். இரண்டு முறை உரக்கக் கேட்க வேண்டியிருந்தது. பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். இந்தச் செய்தியே எனக்குப் புதிது. என் அப்பாவுக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். 1950-களின் முடிவில் அந்த அக்கா, கைக்குழந்தையோடு, அடி தாங்க முடியாமல் புருஷன் வீட்டைவிட்டுப் புறப்பட்டாள். பஸ்ஸுக்குக் காசு இல்லை. காசு எப்போதும் மாமியார் இடுப்பில். சித்திரை வெயிலில் பதினாறு மைல் நடந்து தாய் வீடு வந்தாள். குழந்தை அன்றிரவே காய்ச்சலில் இறந்தது. பஸ் கட்டணம் ஓர் ரூபாய்க்கும் குறைவு. ஒரு மாதம் கழித்துப் பெரியவர்கள் சமாதானம் பேசி அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு மேல் அப்பத்தா சொல்லவில்லை. நானும் அன்று கேட்கவில்லை.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் சொத்து அவளுக்கே முழு உரிமை என்று எழுதிவிட்டது. 1989-இல் தமிழ்நாடும், 2005-இல் நாடு முழுவதும், குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம பங்கு என்று திருத்தம் செய்தன. பதினாறு மைல் நடந்தவளுக்கு முதல் சட்டம் ஏட்டில் இருந்தது. பஸ்ஸுக்குக் காசு இடுப்பில் இல்லை.

"அன்னையில இருந்து வெறுங்கையா நான் வாசப்படி தாண்டுனதில்ல" என்றாள் அப்பத்தா. "ஒங்கிட்ட சொன்னா நீ பயந்துக்குவன்னு சொல்லல."

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் மாலை நான்கு மணிக்குப் போன் செய்கிறேன். அவள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து, இரவு ஒரு நோட்டில் எழுதுகிறேன். எங்கே, எந்த ஆண்டு, யாருக்கு, என்ன நடந்தது என்று நான்கு பத்தி பிரித்துக் கோடு போட்டிருக்கிறேன். பாஸ்போர்ட் தாள் மாதிரியேதான். சென்ற வாரம் மண் கட்டுவதைப் பற்றிக் கேட்டேன். கார்த்திகையில் மண் கட்டிக் குதிர் முழுவதும் வண்டாகிப் போன ஆண்டு ஒன்று உண்டாம். கட்டியவள் அந்த அக்காதானாம், அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தாயிடம் வாங்கிய அடியைச் சொல்லி அப்பத்தா சிரித்தாள். அக்காவைப் பற்றிப் பேசும்போது அவள் சிரித்து நான் கேட்டது அதுவே முதல் தடவை.

மேலே கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவளுக்கு நாளுக்கு நாள் காது மந்தமாகிறது. இந்த ஞாயிறு கேட்க நினைத்திருப்பது, திரும்பிப் போன அக்கா என்ன ஆனாள் என்பது.